திரும்பி வரத் தெரிந்த செல்

வயிற்றின் வலது மேல்புறத்தில், விலா எலும்புகளின் மறைவில், ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையில் இருக்கிறது கல்லீரல். அதன் வேலைகளைப் பட்டியல் போடப் புகுந்தால் கட்டுரை அதிலேயே முடிந்துவிடும். அத்தனை வேலைக்கும் நடுவே அது தன்னை மறுபடி ஆக்கிக்கொள்ளும் நேர்த்தி ஒன்று உண்டு. என் கண்ணுக்கு உடம்பில் அதைவிட அழகான காரியம் வேறில்லை. குடித்தால் ஈரல் கெடும் என்று எல்லோருக்கும் தெரியும். ஈரலில் எது கெடுகிறது என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை. கெடுவது பெரும்பாலும் இந்த நேர்த்திதான்.

1931-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஹிக்கின்ஸும் ஆண்டர்சனும் எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிட்டு, அதன்பின் நடப்பதை நாள்வாரியாகக் குறித்து வைத்தார்கள். எலியின் ஈரல் தனித்தனி மடல்களாகப் பிரிந்திருக்கும். அதனால் மிச்ச மடல்களில் ஒரு கீறல்கூட விழாமல், வேண்டிய மடல்களை மட்டும் அடியில் கட்டி அறுத்துவிடலாம். ஒரு வாரம் பத்து நாளில் ஈரல் பழைய எடைக்கு வந்துவிட்டது. இன்றைக்கும் உலகெங்கும் ஈரலின் மறுவளர்ச்சியை ஆராய்கிறவர்கள் அந்த இருவர் வகுத்த முறையைத்தான் கையாள்கிறார்கள்.

இதில் பலர் கவனிக்காத நுட்பம் ஒன்று இருக்கிறது. பல்லிக்கு வால் போனால் வால் போன இடத்திலேயே வால் முளைக்கும். ஈரலில் அறுத்த மடல் முளைப்பதே இல்லை. மிச்சமிருக்கும் மடல்கள் பருத்து, மொத்த அளவை நிறைவு செய்கின்றன. பழைய உருவம் திரும்புவதில்லை, பழைய வலு திரும்பிவிடுகிறது. மூன்றில் ஒரு பங்கு மறுபடி முழுதாவதற்கு ஒவ்வொரு செல்லும் சராசரியாக இரண்டு முறைகூடப் பிரிய வேண்டியதில்லை. இவ்வளவு பெரிய இழப்பை இவ்வளவு சிறிய உழைப்பில் ஈடுகட்டும் சிக்கனத்தை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

நடப்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். கத்தி பட்ட சில நிமிடங்களிலேயே மிச்ச ஈரலுக்குச் செய்தி எட்டிவிடுகிறது. சேதி சொல்வது ரத்தம். குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வரும் ரத்தம் துளியும் குறையாமல் வந்துகொண்டே இருக்கிறது, வாங்கிக்கொள்ளவோ மூன்றில் ஒரு பங்கு ஈரல்தான் இருக்கிறது. ஒவ்வொரு செல்லையும் ஒட்டி மூன்று மடங்கு ரத்தம் பாய்கிறது. அந்த உரசலிலேயே முதல் சமிக்ஞை பிறந்துவிடுகிறது. நுண்நாளங்களுக்குள் குடியிருக்கும் குப்ஃபர் செல்கள் டிஎன்எஃப், இன்டர்லூகின்-6 என்ற புரதங்களைச் சுரக்கின்றன. பிரிவதையே மறந்து வேலையில் மூழ்கிக் கிடந்த ஈரல் செல்கள் அதில் விழித்துக்கொள்கின்றன. அவற்றைப் பிரியத் தூண்டும் எச்ஜிஎஃப் என்ற புரதத்தை எங்கிருந்தோ வரவழைக்க வேண்டியதில்லை. செல்களைச் சுற்றியுள்ள மெல்லிய வலைப்பின்னலில் அது முன்பே சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது, அவிழ்த்துவிட்டால் போதும். 1980-களில் ஜப்பானின் தோஷிகாசு நாகாமுரா அதைப் பிரித்தெடுத்தபோதுதான், ரத்தத்தில் ஏதோ ஒன்று ஈரலை வளரச் சொல்கிறது என்ற நெடுநாள் ஊகத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது.

எலியில் சுமார் 24 மணி நேரத்தில் டிஎன்ஏ படியெடுப்பு உச்சத்தைத் தொடுகிறது. எல்லாச் செல்களும் ஒரே நேரத்தில் பிரிவதில்லை. குடல் ரத்தம் நுழையும் வாசலருகே இருப்பவை முதலில் பிரிகின்றன. அங்கிருந்து பிரிவு மெல்ல நகர்ந்து, ரத்தம் வெளியேறும் நடுச் சிரையை நோக்கிப் போகிறது. முன்வரிசை பிரிந்துகொண்டிருக்கும்போது பின்வரிசை வழக்கமான வேலையைப் பார்க்கிறது. சர்க்கரையின் அளவைக் காப்பது, அல்புமின் தயாரிப்பது, ரத்தம் உறையத் தேவையான புரதங்களை அனுப்புவது, பித்தம் சுரப்பது என்று எதுவும் முற்றாக நின்றுபோவதில்லை. இதயத்தையோ மூளையையோ இப்படி வெட்டிவிட்டு வேலையும் பார் என்று சொல்ல முடியுமா?

மூன்றாம் நான்காம் நாளில் புதுச் செல்கள் பத்துப் பன்னிரண்டாகக் கொத்துக் கொத்தாகச் சேர்ந்திருக்கும். கொத்துக்குள் ரத்த நாளமே இருக்காது. பிறகு நாளச் செல்கள் அந்தக் கொத்துகளுக்குள் ஊடுருவி, அவற்றை வகிர்ந்து வரிசைகளாக்குகின்றன. திசுவில் வெள்ளி உப்புச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் இந்த வரிசைகள் தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு வரிசையின் இரு கரையிலும் கருப்பு நூலிழை ஓடும். வளர்ந்த மனிதரின் ஈரலில் இரண்டு கருப்பு இழைகளுக்கு இடையில் ஒரே ஒரு செல்தான் இருக்கும், அதன் இரு பக்கமும் ரத்தம் தொட்டுக்கொண்டு போகும். மறுவளர்ச்சி நடக்கும் ஈரலில் அந்த இடைவெளியில் இரண்டு செல்கள் அடுத்தடுத்து நிற்கும். ஐந்தாறு வயதுக்குட்பட்ட குழந்தையின் ஈரலும் இப்படித்தான், இரண்டு செல் தடிமனில் இருக்கும். ஐம்பது வயதுக்காரரின் பயாப்ஸியில் ஆங்காங்கே இரட்டை வரிசை தெரிந்தால், அந்த ஈரல் தன்னைச் செப்பனிட்டுக்கொண்டிருக்கிறது என்று நோய்க்குறியியல் மருத்துவர்கள் படிப்பார்கள். நடுவயது உறுப்பு ஒன்று தன் குழந்தைப் பருவத்தை எட்டிப் பிடித்திருப்பதை இரண்டு கருப்பு இழைகளுக்கு நடுவே கண்ணால் பார்க்கலாம்.

தோல், குடல், ரத்தம் எல்லாம் புதுப்பித்துக்கொள்ளத் தனியாக மூலச்செல்களை வைத்திருக்கின்றன. அந்த மூலச்செல்களுக்கு வேறு வேலை கிடையாது. ஈரலில் வேலை செய்கிற செல்லேதான் பிரிகிறது. அதற்காக அது தன் முதிர்ச்சியைக் கொஞ்ச நேரம் கழற்றி வைக்கிறது, பிரிகிறது, மறுபடி முதிர்ச்சியை அணிந்துகொண்டு வேலைக்கு வந்துவிடுகிறது. எத்தனை முறை இப்படிப் போய்வர முடியும்? அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மார்க்கஸ் குரோம்ப் குழு, ஒரு எலியின் ஈரல் செல்களை எடுத்து, ஈரல் பழுதான இன்னொரு எலிக்கு மாற்றி, அங்கே பெருகியவற்றை எடுத்து மூன்றாவதற்கு மாற்றி, இப்படியே தொடர்ந்து பார்த்தது. செல்கள் குறைந்தது 69 முறை இரட்டித்திருக்க வேண்டும் என்று 1997-இல் கணக்கு வந்தது. அப்போதும் அவை சோர்ந்துபோகவில்லை.

நிறுத்தத் தெரிவது வளரத் தெரிவதற்குச் சற்றும் குறைந்ததல்ல. கட்டுப்பாடின்றி வளர்ந்தால் அது புற்று. ஈரல் உடம்புக்குத் தேவையான எடையை எட்டியதும் நின்றுகொள்கிறது, கொஞ்சம் கூடிவிட்டால் உபரிச் செல்களைத் தானே கழித்துவிடுகிறது. 1992-இல் பிட்ஸ்பர்க்கில் தாமஸ் ஸ்டார்ஸல் குழு பபூன் குரங்கின் ஈரலை மனிதருக்குப் பொருத்தியபோது, அந்தச் சிறிய ஈரல் சில வாரங்களில் மனித உடம்புக்கு ஏற்ற அளவுக்கு வளர்ந்தது. தான் யாருடைய வயிற்றில் இருக்கிறோம் என்று ஈரலுக்குத் தெரிந்திருந்தது! தம்பிக்கோ மகளுக்கோ தன் ஈரலில் பாதிக்கு மேல் அறுத்துக் கொடுக்கும் ஒருவர் சில மாதங்களில் இயல்பாக நடமாடுவதும் இதனால்தான். கொடுத்தவரிடம் மிஞ்சியதும் வளர்கிறது, வாங்கியவரிடம் போனதும் வளர்கிறது.

வெட்டுப்படாத ஈரலும் சும்மா இருப்பதில்லை. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 கூடி, பிறகு படிப்படியாகக் குறைந்தது. அந்தச் சுவடு நம் டிஎன்ஏ-வில் பதிந்திருக்கிறது. அதை வைத்து செல்களின் வயதைக் கணக்கிடும் முறையில், ஜெர்மனியின் டிரெஸ்டனில் ஓலாஃப் பெர்க்மன் குழு 2022-இல் ஒரு முடிவை வெளியிட்டது. இருபது வயதுக்காரரானாலும் எண்பதைத் தாண்டியவரானாலும், ஈரல் செல்களின் சராசரி வயது மூன்று ஆண்டுக்கும் குறைவு. நரைத்த தாத்தாவின் ஈரல் செல்களைவிட மடியில் இருக்கும் பேரன் வயதில் மூத்தவனாக இருக்கலாம்.

இவ்வளவு அழகையும் தாங்கி நிற்பது ஓர் அமைப்பு. ஆரோக்கியமான மனித ஈரலின் ஸ்லைடில் ஆறு மூலை கொண்ட சின்னஞ்சிறு வட்டாரங்கள் தெரியும். நடுவில் ஒரு சிரை, மூலைகளில் ரத்தம் நுழையும் வாசல்கள். வட்டாரத்துக்கும் வட்டாரத்துக்கும் இடையே சுவர் கிடையாது. பன்றியின் ஈரலில் அந்த எல்லையில் நார்ச்சுவர் உண்டு, மனித ஈரலில் எல்லையைப் பார்ப்பவர்தான் மனதுக்குள் வரைந்துகொள்ள வேண்டும். செல் வரிசைகளை ஒட்டி ஓடும் நுண்நாளங்களின் சுவரிலும் சல்லடைபோல் துளைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 100 முதல் 150 நானோமீட்டர் அளவு. ரத்த அணு வெளியே வர முடியாது, ரத்தத்தில் கரைந்திருப்பவை தாராளமாக வந்து செல்லைத் தொடும். அந்தச் சுவருக்கும் ஈரல் செல்லுக்கும் இடையிலுள்ள மிகக் குறுகிய இடுக்கில் நட்சத்திரச் செல்கள் கை விரித்துப் படுத்திருக்கின்றன. உடம்பின் வைட்டமின் ஏ-யில் பெரும்பகுதியைச் சின்னச் சின்னக் கொழுப்புத் துளிகளாக அவைதான் சேமித்து வைத்திருக்கின்றன.

இனி மதுவுக்கு வருவோம். நம் ஊர்க் கடைகளில் விற்கும் ஒரு குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம் ஆல்கஹால். கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். ஈரல் மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் எரிக்கும். ஆக, ஒரு குவார்ட்டர் உள்ளே போனால் ஆறு மணி நேரத்துக்கும் மேலாக ஈரலுக்கு அதே வேலை. அந்த நேரத்தில் செல்லின் ரசாயனச் சமநிலை மாறிப்போய், கொழுப்பு எரிக்கப்படாமல் தேங்குகிறது. ஈரலில் கொழுப்பு சேர்வது தன்னளவில் கேடல்ல. மூன்றில் இரண்டு பங்கை இழந்த எலியின் ஈரலும் முதல் ஓரிரு நாளில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது, பிரிவதற்கான எரிபொருளாக அதைச் செலவழித்தும் விடுகிறது. தினமும் குடிப்பவரின் ஈரலில் சேர்ந்தது செலவாவதற்குள் அடுத்த நாள் வந்துவிடுகிறது.

ஆல்கஹால் முதலில் அசிட்டால்டிஹைடாக மாறுகிறது. இது புரதங்களில் ஒட்டிக்கொள்ளும் குணமுள்ளது. டியூபுலின் என்ற புரதத்தை அது குறிப்பாகப் பற்றிக்கொள்கிறது. டியூபுலின் இழைகள் வழியாகத்தான் செல் தான் தயாரித்த புரதங்களை வெளியே அனுப்புகிறது. செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துச் செல்வதும் அதே இழைகள்தான். அனுப்ப வேண்டியதை அனுப்ப முடியாத செல் உப்பிப் பருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் அது வெளிறி, வட்டமாகி, நடுவில் சிவப்பாக முறுக்கிய கயிற்றுத் துண்டு போன்ற ஒன்றை வைத்திருக்கும். 1911-இல் மேலரி என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்தது இதைத்தான். செல்லின் உட்சட்டகம் குலைந்து சுருண்டு கிடப்பதுதான் அந்தக் கயிறு.

மறுவளர்ச்சியை மது என்ன செய்கிறது என்று எலிகளிடம் சோதித்துப் பார்த்தவர்கள் 1970-களின் இறுதியிலேயே ஒரு செய்தியைச் சொல்லிவிட்டார்கள். பல வாரங்கள் மது கொடுத்து வளர்த்த எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்தால், டிஎன்ஏ படியெடுப்பு வர வேண்டிய வேகத்தில் வருவதில்லை. மது அதுவரை படாத எலிக்கும், அறுவை நேரத்தில் மதுவைக் கொடுத்தால் தொடக்கம் தடைபடுகிறது.

தட்டி எழுப்பும் டிஎன்எஃப்-ஐ நினைவு வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து குடிப்பவரின் குடல் சுவர் தளர்ந்து, பாக்டீரியாவின் நச்சுகள் போர்ட்டல் சிரை வழியாக ஈரலுக்கு ஒழுகுகின்றன. குப்ஃபர் செல்கள் அவற்றைக் கண்டு டிஎன்எஃப்-ஐ ஓயாமல் சுரக்கின்றன. மறுவளர்ச்சியின்போது ஒரு முறை வந்து எழுப்பிவிட்டுப் போகும் அதே புரதம் இங்கே நாள் முழுக்க வருகிறது. மதுவில் ஊறிய செல்லுக்கு அது எழுப்பும் குரலாக இல்லாமல் கொல்லும் குரலாகிவிடுகிறது. எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இது. ஈரல் தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருந்த கருவியே அதன் மேல் திரும்புகிறது.

இன்னும் நுட்பமான சேதத்தை அண்மையில்தான் கண்டறிந்தார்கள். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் அவினாஷ் கல்சோத்ரா குழுவும், ஈரலின் மறுவளர்ச்சியில் பல பத்தாண்டுகளாக உழைத்துவரும் டியூக் பல்கலைக்கழகத்தின் அன்னா மே டீல் குழுவும் சேர்ந்து செய்த வேலை அது. ஒரே ஜீனின் செய்தியை வெவ்வேறு விதமாக வெட்டி ஒட்டி, செல் வெவ்வேறு புரதங்களைச் செய்துகொள்ளும். பல ஜீன்களுக்குப் பச்சிளம் பருவத்துக்கு ஒரு வெட்டு, வளர்ந்த பருவத்துக்கு வேறொரு வெட்டு. ஈரலில் வளர்ந்த பருவ வெட்டைக் காப்பது ஈஎஸ்ஆர்பி2 என்ற புரதம். காயம் பட்டதும் ஈரல் செல் அதைத் தணித்துக்கொண்டு பச்சிளம் வெட்டுக்குப் போகிறது, பிரிந்து முடித்ததும் ஈஎஸ்ஆர்பி2-ஐ உயர்த்திக்கொண்டு திரும்பி வருகிறது. முதிர்ச்சியைக் கழற்றி வைப்பதும் அணிவதும் என்று மேலே சொன்னது இதைத்தான்.

கடுமையான மது ஈரல் அழற்சியால் சீரழிந்த ஈரல்களை அவர்கள் பார்த்தபோது செல்கள் வழியிலேயே நின்றிருந்தன. ஈஎஸ்ஆர்பி2 குறைந்திருந்தது, முதிர்ச்சி கழன்றிருந்தது, ஆனால் பிரியும் நிலைக்கும் அவை போய்ச் சேரவில்லை. வெட்டு பிசகியதால் பல புரதங்கள் இருக்க வேண்டிய உட்கருவில் இல்லாமல் வெளியே கிடந்தன. அந்தச் செல்கள் வேலைக்கும் ஆகவில்லை, பெருக்கத்துக்கும் ஆகவில்லை. அவற்றின் சுமை மிச்சமுள்ள நல்ல செல்களின் தலையில் விழ, அவையும் அதே வழியில் கிளம்பி அதே இடத்தில் சிக்குகின்றன. அந்த நிலையை எட்டிய சிலருக்குக் குடியை நிறுத்திய பிறகும் ஈரல் தேறாமல் போவது ஏன் என்பதற்கு இதில் ஒரு விடை இருக்கிறது. சுற்றிலும் ஓயாத அழற்சிதான் ஈஎஸ்ஆர்பி2-ஐ அமுக்கி வைக்கிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் அழற்சிச் சமிக்ஞை ஒன்றைத் தடுத்தபோது அது மறுபடி உயர்ந்தது. மருந்தாக வர இன்னும் தூரம் இருக்கிறது, ஆனால் கதவு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

இதற்கிடையில் நட்சத்திரச் செல்கள் வைட்டமின் ஏ துளிகளை இழந்து, நார் நெய்யத் தொடங்குகின்றன. நாளச் சுவரின் துளைகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. நாரை நீலமாகக் காட்டும் சாயத்தில் பார்த்தால், ஆக்சிஜன் குறைவாக எட்டும் நடுச் சிரையைச் சுற்றித்தான் முதல் நீல இழைகள் தெரியும். பிறகு அவை ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக வளைத்துக் கம்பி வலைபோல் பரவுகின்றன. சுவரே இல்லாத வீட்டில் சுவர் எழுகிறது. அது ஈரல் முழுக்கப் பரவினால் சிரோசிஸ். வீட்டில் இருப்பவர்கள் "வயித்துல தண்ணி கோத்துக்கிச்சு" என்று பதறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

சிரோசிஸ் ஈரலிலும் நயம் பாராட்ட ஒன்று மிஞ்சியிருக்கிறது. தழும்புகளுக்கு நடுவே மிச்சமுள்ள செல்கள் முண்டு முண்டாக வளரப் பார்க்கும். தொடர்ந்து குடிப்பவரின் ஈரலில் இந்த முண்டுகள் மிகச் சிறியவை, பெரும்பாலும் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு, எல்லாம் ஒரே அளவு. மது அவற்றை வளரவிடுவதில்லை. அதே ஆள் குடியை விட்டுவிட்டால், காலப்போக்கில் அந்த முண்டுகள் பெரிதாகின்றன, அளவில் வேறுபடுகின்றன. தழும்பு சூழ்ந்த ஈரலிலும் பிரியும் திறன் உயிரோடு இருந்தது, மதுதான் அதை அழுத்தி வைத்திருந்தது என்பதற்கு வெறுங்கண்ணால் காணக்கூடிய சான்று இது. முண்டு பெரிதாவதால் பழைய அமைப்பு திரும்பிவிடாது. ஆனால் சிரோசிஸ் வந்த பிறகும் குடியை நிறுத்தியவர்கள், நிறுத்தாதவர்களைவிட நீண்ட காலம் வாழ்கிறார்கள். வயிற்றில் நீர் கோத்த நிலையிலிருந்து மருந்தோடு தேறி வந்தவர்களும் இருக்கிறார்கள்.

அதற்கு முந்தைய கட்டத்தில் செய்தி இன்னும் நல்லது. அதிகம் குடிப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஈரலில் கொழுப்பு சேர்கிறது, ஆனால் சிரோசிஸ் வரை போகிறவர்கள் அவர்களில் ஒரு பகுதியினர்தான். வெறும் கொழுப்போடு நிற்கும் ஈரல், குடியை விட்ட சில வாரங்களிலேயே அதை எரித்துத் தீர்த்துவிடும். வலி இருக்காது, காமாலை இருக்காது, ஒரு சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் ஈரல் கொஞ்சம் வெளுப்பாகத் தெரியும், அவ்வளவுதான். அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியவர்கள் அதை மடித்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள்.

குடிக்கிற ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால் கீழாநெல்லியைத் தேடிப் போய் நாட்களைக் கடத்தாதீர்கள். வைரஸால் வரும் காமாலை பலருக்குத் தானாகவே இறங்கும், பேர் மட்டும் பச்சிலைக்குப் போகும். குடியால் வரும் காமாலைக்கு அந்தப் பொறுமை கிடையாது, அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். பல காலமாகத் தினமும் குடித்து வருபவர் நிறுத்த முடிவு செய்தால், அதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டே நிறுத்துங்கள். திடீரென்று விட்டால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், அவற்றைத் தடுக்க மருந்து இருக்கிறது.